அந்தச் சிறுவனிடம் யார் கேட்டார்கள்?

எங்கள் மூத்த மகனுக்குப் பதின்மூன்று வயது நடந்துகொண்டிருந்த காலம். ஒரு சனிக்கிழமை நூலகத்திலிருந்து தடித்த புத்தகமொன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். பிரெஞ்சுப் புத்தகம். அட்டையிலிருந்த தலைப்பை நாங்கள் எழுத்துக் கூட்டி வாசித்தோம். 'லாப்ரந்தி அசசன்'. கொலைத் தொழில் பழகும் சீடன் என்று பொருள். எங்களுக்கு நெஞ்சு திக்கென்றது. துவக்கும் வேண்டாம், இரத்தமும் வேண்டாம் என்று கடல் கடந்து வந்து, பார்க் எக்ஸ்ரென்சனில் ஒரு நாலரை வீட்டில் குடியிருக்கிறவர்கள் நாங்கள். எங்கள் மேசையிலா இப்படி ஒரு புத்தகம்?

"இதென்ன தம்பி? பள்ளிக்கூடத்தில இதையே வாசிக்கத் தாறவை?" என்று கேட்டோம்.

"பள்ளிக்கூடத்தில தரேல்லை, நான்தான் எடுத்தனான். இது கொலைகாரன்ர கதை இல்லை அம்மா. ஒரு பெடியன்ர கதை" என்றான்.

பிறகு அவனே கதையைச் சொன்னான். ரொபின் ஹொப் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1995ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் பிரெஞ்சில் வந்த நாவல் அது. மந்திர சக்திகள் உலவுகிற ஓர் அரண்மனை. ஓர் இளவரசனுக்கு முறைதவறிப் பிறந்த பிள்ளை ஆறு வயதில் அங்கே கொண்டுவந்து விடப்படுகிறான். குதிரை லாயத்துப் பொறுப்பாளர் அவனை வளர்க்கிறார். கிழ அரசர் அவனுடைய விசுவாசத்தைத் தமக்கென்று வாங்கிக்கொண்டு, இரவில் இரகசியமாக ஒரு முதியவரிடம் கொலைத் தொழில் பழக அனுப்புகிறார். ஒருநாள் அந்த ஆசான், "அரசருடைய அறையிலிருந்து ஏதாவது ஒரு பொருளை எடுத்து வா, விளையாட்டுக்குத்தான்" என்கிறார். பையன் மறுக்கிறான். ஆசான் கோபித்துப் பாடத்தையே நிறுத்திவிடுகிறார். பையன் தனிமையில் துடித்துப்போகிறான். பிறகுதான் தெரிகிறது, அது அரசரே வைத்த சோதனை.

"அவன் ஆருக்கு விசுவாசமா இருக்கவேணும்? வளர்த்தவருக்கோ, படிப்பிச்சவருக்கோ, ராசாவுக்கோ?" என்று மகன் கேட்டான்.

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. கேள்வி அரண்மனையைப் பற்றியது என்று அவன் நினைத்தான். எங்களுக்கோ அது ஊரைப் பற்றியதாகக் கேட்டது. சமாளிப்பதற்காக, "எங்கட தமிழிலயும் இப்படி ஒரு கதை இருக்கு, ஞாயிற்றுக்கிழமை வாசிச்சுக் காட்டுறம்" என்று சொல்லிவிட்டோம். அப்படித்தான் அந்தப் பனிக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் 'பொன்னியின் செல்வன்' நடந்தது.

நந்தினியின் வாள்

கல்கி 1950ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை தமது வார இதழில் எழுதிய தொடர்கதை அது. ஊரில் எங்கள் வீட்டில், இதழ்களிலிருந்து கிழித்தெடுத்துக் கட்டிய பெரிய புத்தகங்களாக அலுமாரியில் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தோம். திறப்பு இன்றும் எங்களிடம் இருக்கிறது. அலுமாரி இல்லை. இன்று ஐந்து பாகங்களையும் மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் காசில்லாமல் எடுத்து வாசிக்கலாம். நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு மெதுவாகத்தான் வரும். ஆகவே நாங்கள் உரக்க வாசிக்க, விளங்காத இடங்களைப் பேச்சுத் தமிழில் சொன்னோம்.

2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்தினம் எடுத்த இரண்டு படங்களையும் பார்த்தவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன். அவன் போரில் வீரபாண்டியனின் தலையைக் கொய்கிறான். காயப்பட்டுக் கிடந்த வீரபாண்டியனை விட்டுவிடும்படி கரிகாலனிடம் மன்றாடியவள் நந்தினி. சிறுவயதில் கரிகாலனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பியவர்கள். மன்றாட்டுப் பலிக்கவில்லை. அந்தக் கணத்திலிருந்து அவள் பழிவாங்கச் சபதம் பூண்டவள். சோழநாட்டின் பெரிய தலைவரான பெரிய பழுவேட்டரையரை மணந்து, 'பழுவூர் இளையராணி'யாகச் சோழரின் கோட்டைக்குள்ளேயே குடியேறுகிறாள். பாண்டியரின் ஆளான இரவிதாசன் மந்திரவாதி வேடத்தில் அவளைத் தேடி வருகிறான். ஆந்தை அலறுவதுதான் அடையாளம். எங்கள் சின்ன மகள் அந்த ஆந்தைச் சத்தத்தைப் பழகிக்கொண்டு, வாரம் முழுவதும் குளியலறையிலிருந்து எங்களைப் பயமுறுத்தினாள்.

கடைசியில் கடம்பூர் மாளிகை. மீன் அடையாளம் பொறித்த வாள் நந்தினியின் கையில் இருக்கிறது. கரிகாலன் எதிரே நிற்கிறான். அவள் மனம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. விளக்கு அணைகிறது. இருட்டில் கரிகாலன் இறந்துபோகிறான். பழி வந்தியத்தேவன் தலையில் விழுகிறது. யாருடைய கை அது என்பதைக் கல்கி வாசகருக்கு உறுதியாகச் சொல்லாமலே விட்டுவிட்டார்.

"அப்ப ஆர்தான் கொன்றது?" என்று மகனுக்குக் கோபமே வந்துவிட்டது.

அதற்காகத்தான் கல்வெட்டுக் கதையையும் சொல்லவேண்டி வந்தது. ஆதித்த கரிகாலன் உண்மையாகவே வாழ்ந்தவன், உண்மையாகவே கொல்லப்பட்டவன். தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோவிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோவிற் சுவரில், இராசராச சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சில பெயர்களை அது சொல்கிறது. சோமன், அவன் தம்பி இரவிதாசன் என்ற பஞ்சவன் பிரமாதிராசன், இன்னொரு தம்பி பரமேசுவரன் என்ற இருமுடிச்சோழ பிரமாதிராசன். பிரமாதிராசன் என்பது அரசரிடம் உயர்பதவி வகித்த பிராமணருக்குக் கிடைத்த பட்டம். பஞ்சவன் என்ற சொல் பாண்டியரைக் குறிப்பது. மற்றவனின் பட்டத்திலோ சோழன் பெயரே இருக்கிறது. ஒரே தாயின் பிள்ளைகள், ஒருவன் பட்டத்தில் பாண்டியன், மற்றவன் பட்டத்தில் சோழன்! பின்னால் நின்று தூண்டியவர் யார் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. நீலகண்ட சாத்திரியார் உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார்.

எங்களை உறுத்தியது வேறொன்று. அந்தக் கல்வெட்டு கொலைகாரரோடு நிற்கவில்லை. அவர்களுடைய பெண்சாதி, பிள்ளைகள், உறவினர் ஆகியோரின் சொத்தையும் பறிக்கச் சொல்கிறது. ஒருவன் செய்த சபதத்தை ஒரு குடும்பமே சுமந்தது.

தம்பி கேட்ட கேள்வி

அப்போது எங்கள் வீட்டில் ஓர் அறையில் ஒரு தம்பி வாடகைக்கு இருந்தார். 2009ஆம் ஆண்டுக்குப் பின் இங்கு வந்தவர். உணவகமொன்றில் இரவில் கோப்பை கழுவும் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. நாங்கள் வாசிக்கும்போது குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்பார். பிள்ளைகள் "மாமா, வந்து இருங்கோ" என்று கூப்பிட்டாலும் வந்து இருக்கமாட்டார்.

கதையில் திருப்புறம்பயம் பள்ளிப்படை வருகிறது. கும்பகோணத்துக்கு அண்மையில் உள்ள ஊர் அது. 9ஆம் நூற்றாண்டில் அங்கே பெரும்போர் நடந்து, கங்க மன்னன் பிருதிவீபதி மாண்டான். அவன் நினைவாக எழுந்த பள்ளிப்படை பாழடைந்து கிடக்கிறது. கல்கியின் கதையில், பாண்டியரின் சதிகாரர்கள் நள்ளிரவில் அங்கே கூடுகிறார்கள். ஒரு சின்னஞ்சிறுவனைக் கொண்டுவந்து சிம்மாசனத்தில் இருத்தி, 'இவனே பாண்டிய மன்னன்' என்று முடிசூட்டி, அவன் முன்னிலையில் பழிவாங்கச் சபதம் எடுக்கிறார்கள். நந்தினியும் அங்கே இருக்கிறாள்.

அந்த இடத்தை வாசித்து முடித்ததும் குசினி வாசலிலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பெடியனிட்ட ஆரும் கேட்டவையோ?"

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். தம்பி கோப்பையை வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

இரண்டு மூன்று வாரங்களின் பின், பிள்ளைகள் படுத்தபிறகு, தானாகவே வந்திருந்து சொன்னார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். ஊரையும் ஆட்களையும் நாங்கள் அன்றும் கேட்கவில்லை, இன்றும் சொல்லப்போவதில்லை.

"பதினேழு வயசில சத்தியம் பண்ணினனான் அண்ணை. ஒருத்தரும் வில்லங்கப்படுத்தேல்லை. நானாத்தான் போனனான். எனக்கு அ, ஆ படிப்பிச்ச மாஸ்டர் எங்கட ஒழுங்கையிலதான் இருந்தவர். அவற்ர வீட்டுக்கு ஆர் வருகினம், ஆர் போகினம் எண்டு பாத்து எழுதித் தரச் சொன்னவை. நான் எழுதிக் குடுக்கேல்லை அக்கா. ஆனா மாஸ்டரிட்டப் போய், கவனமா இருங்கோ எண்டும் சொல்லேல்லை. சத்தியத்தையும் முறிக்கேல்லை, அவரையும் காட்டிக் குடுக்கேல்லை எண்டு நினைச்சன். ஒரு மாதத்தால மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போட்டினம். ஆர் சொன்னதெண்டு தெரியாது. அவர் திரும்பி வரேல்லை."

நாங்கள் என்ன ஆறுதல் சொல்வது? கடம்பூரில் விளக்கு அணைந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சுவையாகச் சொன்னவர்கள் நாங்கள். அந்த இருட்டுக்குள்ளேயே இத்தனை ஆண்டுகளாக ஒருவர் எங்கள் வீட்டில் இருந்திருக்கிறார். கொன்றவனும் அல்ல, காத்தவனும் அல்ல என்ற நிலை அவரை நித்திரை கொள்ள விடவில்லை. "வளர்ந்தவை சத்தியம் பண்ணலாம். பெடியளைக் கொண்டு பண்ணுவிக்கக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சத்தியம் என்பது எங்கள் வரலாற்றில் சின்ன விடயமல்ல. பாண்டிய மன்னரின் மெய்காவலருக்குத் 'தென்னவன் ஆபத்துதவிகள்' என்று பெயர். அரசன் இறந்தால் அவனுடைய சிதையில் தாமும் பாய்ந்து இறக்கும் உற்ற துணைவர்களைப் பற்றி 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். இலங்கையில் வேளைக்காரர் என்ற படையினர் இருந்தார்கள். சோழரை இலங்கையிலிருந்து துரத்திய முதலாம் விசயபாகு, பிறகு சோழநாட்டின் மீதே படையெடுக்கப் புறப்பட்டபோது, அந்த வேளைக்காரர் போக மறுத்துக் கலகம் செய்தார்கள், அரண்மனைக்கே தீ வைத்தார்கள் என்று சூளவம்சம் கூறுகிறது. அரசன் கலகத்தைக் கொடூரமாக அடக்கினான். ஆயினும் அந்த அரசனின் காலத்துக்குப் பிறகு, பொலன்னறுவையில் புத்தரின் தந்தம் இருந்த கோவிலைக் காப்பதாக அதே வேளைக்காரர் உறுதி கூறி வெட்டிய கல்வெட்டு தமிழிலேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் கடமைப்பட்டவன் எந்தப் பக்கம் நிற்பது என்ற சிக்கல் எங்களோடு தொடங்கியதல்ல. எங்களோடு முடியப்போவதுமில்லை.

எங்கள் வீட்டுச் சிம்மாசனம்

இதுவரை மற்றவர்களின் கதையைச் சொன்னோம். இனி எங்கள் கதை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பங்குனியில் எங்கள் மகளுக்கு ஏழாவது பிறந்தநாள் வந்தது. வகுப்பில் இன்னுமொரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். இருவரும் ஒரே மேசையில் இருந்து படிப்பவர்கள். அழைக்க வேண்டியவர்களின் பெயர்களை எழுதியபோது அந்தப் பிள்ளையின் பெயரை மகள் சொல்லவில்லை.

"ஏன் அம்மா, அவளைக் கூப்பிடேல்லையோ?"

"அவையைக் கூப்பிடக்கூடாது. அவளின்ர அப்பா துரோகியெல்லோ?"

அந்தச் சொல்லை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நாங்கள்தான். ரொறன்ரோவிலிருக்கும் உறவுகளோடு தொலைபேசியில் கதைக்கும்போது, ஊரில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள், யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று கதைத்திருக்கிறோம். அந்தத் தகப்பனின் பெயரும் வந்திருக்கிறது. அது உண்மையோ பொய்யோ எங்களுக்கே தெரியாது. யாரோ சொன்னதைத்தான் சொன்னோம். கதிரைக்குக் கீழே பாவை வைத்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

திருப்புறம்பயம் எங்கோ கும்பகோணத்துப் பக்கம் இருப்பதாக நினைத்திருந்தோம். அது எங்கள் வரவேற்பறையிலேயே இருந்தது. சிம்மாசனத்தில் ஏழு வயதுப் பிள்ளை, கையில் நாங்கள் கொடுத்த வாள்.

அடுத்த நாள் நாங்களே அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து அழைத்தோம். பிறந்தநாளன்று அந்தத் தகப்பன் பனிச் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நெடுநேரம் நின்றார். "உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ" என்றோம். வந்து இருந்தார். மீன்விலையைக் கதைத்தோம், பள்ளிக்கூடத்தைக் கதைத்தோம். ஊர்க்கதை ஒன்றும் எடுக்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் ஆந்தை மாதிரிக் கத்திக்கொண்டு வீடு முழுக்க ஓடினார்கள். அவ்வளவுதான் நடந்தது. அந்தக் குடும்பத்தோடு இன்றும் போக்குவரத்து இருக்கிறது. பழைய விடயங்களில் எங்களுக்குள் ஒற்றுமை உண்டென்று சொல்லமாட்டோம்.

இந்த ஊரும் கண்டது

நாங்கள் இங்கு வந்த புதிதில் கீழ்வீட்டில் வயதான கியூபெக் தம்பதியர் இருந்தார்கள். எங்கள் உடைந்த பிரெஞ்சைப் பொறுமையாகக் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய தேதியை ஒருநாள் சொன்னபோது, கிழவர் வியந்துபோனார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதிதான் கியூபெக் தனிநாடாவதா என்ற மக்கள் வாக்கெடுப்பும் நடந்ததாம். வேண்டாம் என்றவர்கள் 50.58 வீதம், வேண்டும் என்றவர்கள் 49.42 வீதம். "நான் வேண்டும் என்று போட்டேன், இவள் வேண்டாம் என்று போட்டாள். நான் தோற்றேன். ஆனாலும் அடுத்தநாள் காலையில் கோப்பி போட்டது நான்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

இந்த ஊர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970 ஒக்டோபரில் இங்கும் இளைஞர் சிலர் கியூபெக் விடுதலை முன்னணி என்ற பெயரில் ஆட்களைக் கடத்தினார்கள். மாகாண அமைச்சர் பியர் லப்போர்ட் கொல்லப்பட்டார். மொன்றியல் வீதிகளில் இராணுவம் நின்றது. தனிநாட்டுக் கேள்வி அதற்குப் பிறகு மறைந்துவிடவில்லை. 1980இலும் 1995இலும் வாக்குப் பெட்டிக்கு வந்தது. ஒரு வீட்டுக்குள் இரண்டு விசுவாசம் இருந்தும் யாருக்கும் வாள் தேவைப்படவில்லை. எங்கள் நாட்டில் அந்த வழி எங்களுக்குத் திறந்திருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு இங்கே அது திறந்திருக்கிறது.

புதிதாக வந்து குடியேறியிருக்கும் பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுக்கும் விசுவாசம் இரண்டாக, மூன்றாகப் பிரியும். 1977ஆம் ஆண்டின் மொழிச்சட்டப்படி அவர்கள் பிரெஞ்சில் படிப்பார்கள். கூட்டாளிகளோடு ஆங்கிலம் கலந்து பேசுவார்கள். வீட்டில் தமிழ். பள்ளிக்கூடத்தில் "நீ எந்த ஊர்?" என்று கேட்டால் ஒருநாள் ஒரு பதில் சொல்வார்கள், மறுநாள் வேறு பதில் சொல்வார்கள். அதைத் துரோகம் என்று நினைத்து அடிக்கப் போகாதீர்கள்.

கதைகளை மறைக்கவும் வேண்டாம். என்ன நடந்தது, ஏன் வந்தோம், யாரை இழந்தோம் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியத்தான் வேண்டும். வயதுக்கேற்ப, தெரிந்ததைத் தெரிந்ததென்றும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதென்றும் பிரித்துச் சொல்லுங்கள். பெரி மெற்றோவடியில் 2005ஆம் ஆண்டு திறந்த பெரிய நூலகத்தில், கியூபெக்கில் குடியிருக்கும் எவரும் இலவசமாக அங்கத்தவராகலாம். பிள்ளை கொண்டுவரும் புத்தகத்தின் தலைப்பைப் பார்த்துப் பயப்படாமல், "என்ன கதை?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டதால்தான் எங்கள் வீட்டில் இவ்வளவும் வெளியே வந்தது.

ஐந்தாம் பாகம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தம்பி குசினி வாசலில் நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு நடுவில் வந்து இருந்தார். மகன் தன்னுடைய பழைய கேள்வியை அவரிடம் கேட்டான்.

"மாமா, அந்தப் பெடியன் ஆருக்கு விசுவாசமா இருக்கவேணும்?"

தம்பி நெடுநேரம் யோசித்தார்.

"முதல்ல அவனை வளர விடவேணும். வளர்ந்தாப்பிறகு அவன் சொல்லட்டும்" என்றார்.